விதைப்பு பிந்திவிட்டது, உரத்தைக் கூட்டிப் போட்டால் சரியாகுமா?

மழை தாமதம். முந்தைய பயிரின் அறுவடை இழுத்துக்கொண்டே போனது. விதை நேரத்துக்குக் கைக்கு வரவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றாகத்தான் வருகிறது: "பதினைந்து நாள் பிந்திவிட்டது. உரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் விட்டதைப் பிடித்துவிடலாமா?" இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு: "மண்ணில் ஈரம் இருக்கிறது. பட்டம் (உரிய விதைப்புக் காலம்) வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விதைத்து, உரம் முழுவதையும் அடியிலேயே போட்டுவிட்டால் வேலை முடிந்ததல்லவா?"

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். பட்டத்தில் குறைந்ததை உரத்தில் நிரப்பலாம், உரத்தில் குறைந்ததைப் பட்டத்தில் நிரப்பலாம் என்பது. அப்படி நிரப்ப முடியாது என்பதே என் முடிவு. பயிர் எந்த வெயிலில் பூக்கும், எத்தனை நாள் அதன் இலை வெளிச்சம் வாங்கும், மணி எந்த இரவுகளில் முற்றும் என்பதையெல்லாம் விதைக்கும் நாளே தீர்மானித்துவிடுகிறது. அந்த நாட்களில் பயிர் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உரத்தின் வேலை. பசியாறிய பயிருக்கு மேலும் ஊட்டுவதால் அதன் ஆயுளில் ஒரு நாளும் கூடாது. ஆனால் பட்டத்துக்கு ஏற்றபடி உரத்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டால், பிந்திய விதைப்பிலும் கௌரவமான விளைச்சல் எடுக்கலாம். எந்த விதைப்புக்கு எந்த உரமுறை பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

பூக்கும் வாரம். விதைக்கும் தேதியை முன்னிருந்து யோசிக்காமல், பூக்கும் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பயிரின் உடலில் மிக மென்மையான நாட்கள் அவை. நெல் பூத்திருக்கும்போது வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதராகிறது. மக்காச்சோளத்தில் ஆண் பூவின் மகரந்தமும் பெண் பூவின் பட்டு நூலும் ஒரே சமயத்தில் தயாராக வேண்டும். வறட்சியோ கடும் வெயிலோ வந்தால் பட்டு வெளியே வரத் தாமதமாகி, கதிரில் பற்கள் விழுந்ததுபோல் இடைவெளி விழும். அந்த வாரத்தில் எந்த உரமும் கைகொடுக்காது.

பயிருக்குக் கிடைக்கும் நாட்கள். பயிர் நாட்களை எண்ணுவதில்லை, வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து பயிரின் அடிப்படை வெப்பத்தைக் கழித்தால் அந்த நாளின் வெப்ப அலகு வரும். மக்காச்சோளத்துக்கு அடிப்படை 10 டிகிரி. பகலில் 28, இரவில் 16 என்றால் சராசரி 22, அலகு 12. பகலில் 30, இரவில் 22 என்றால் சராசரி 26, அலகு 16. முதிர 1440 அலகு வேண்டிய ரகம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சூழலில் அது 120 நாள் வயலில் நிற்கும், இரண்டாவதில் 90 நாளில் முடிந்துவிடும். இலை வெளிச்சத்தைப் பிடித்து மாவாக்கும் நாட்களில் முப்பது போய்விட்டது. சூடான பருவத்துக்குள் பின்தங்கி நுழையும் பயிர் "சீக்கிரம் விளைந்துவிட்டது" என்று மகிழ்பவர்களுக்கு, அந்த முப்பது நாளின் எடையும் சேர்ந்து போனது தெரிவதில்லை.

சத்து வேரை அடையும் நேரம். தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறியபின் தண்ணீரோடு ஓடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்கூட நகர்வது கடினம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) இரண்டுக்கும் நடுவே. களிமண்ணில் நிற்கும், மணலில் இறங்கும். ஆகவே "உரம் எப்போது போடலாம்" என்ற ஒரே கேள்விக்கு மூன்று சத்துக்கும் மூன்று விடை.

எந்தத் தரம் வேண்டும். எடையா, புரதமா, எண்ணெயா, இனிப்பா, நாள்பட வைத்திருக்கும் தன்மையா? இதை முதலில் முடிவு செய்யாவிட்டால் உரம் போடும் நேரத்தை முடிவு செய்யவே முடியாது.

வெளியே தெரியாத செலவு. சாய்ந்த பயிரை அறுக்கும் கூலி, ஈரத்தோடு வந்த தானியத்தை உலர்த்தும் செலவு, கூடுதல் களை, கூடுதல் பூச்சி மருந்து, மறுவிதைப்பு. மூட்டைக் கணக்கில் இவை வராது, ஆனால் பையிலிருந்து போகும்.

## விதைப்பு நாள்: மூன்று வழிகள்

### முன்பட்டம்

சாதகம் வெளிப்படையானது. வயலில் நிற்கும் நாட்கள் கூடும், வேர் ஆழமாக இறங்கும், தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) கூடுதலாகக் கட்டும், கடைசி வெயில் வருமுன் கதிர் முற்றிவிடும். குறுகிய பருவம் உள்ள இடங்களில் இதைவிட நல்ல வழி இல்லை.

பாதகம் மெல்லத்தான் தெரியும். மண் இன்னும் குளிர்ந்திருந்தால் விதை முளைக்காமல் கிடந்து அழுகும். மக்காச்சோளம் 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய அசையாது. முளைத்தாலும், குளிர்ந்த மண்ணில் வேர் மந்தமாக வளர்வதால் அருகில் மணிச்சத்து இருந்தும் எடுக்க முடியாமல் இலை ஊதா நிறமாகும். குளிர்காலக் கோதுமையை அளவுக்கு மீறி முந்தி விதைத்தால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் குளிருக்கு முன்பே வந்து மஞ்சள் குட்டை நோயின் வைரசைக் கொண்டுவந்து சேர்க்கும். பயிர் முந்திப் பூத்தால் உறைபனி பூவைத் தாக்கும்.

பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் ரகங்களில் முந்தி விதைத்துப் பயனும் குறைவு. பகல் குறையும்வரை காத்திருந்துதான் அவை கதிர் தள்ளும். முந்திய நாட்களெல்லாம் வைக்கோலாகத்தான் சேரும்; உயர்ந்து வளர்ந்த பயிர் கடைசியில் சாயும். வெங்காயத்தில் இதைவிட மோசம். நாற்று பெரிதாகிவிட்ட பிறகு நீண்ட குளிர் பட்டால், குமிழ் பருக்காமல் பூத்தண்டு கிளம்பிவிடும்.

வெளியே தெரியாத செலவில் இன்னொன்று: சுற்றிலும் உள்ள வயல்களெல்லாம் பச்சையாக இருக்கும்போது ஒரு வயல் மட்டும் கதிர் முற்றினால், பறவைகள் முழுவதும் அங்கேதான் இறங்கும்.

### உரிய பட்டம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூக்கும் வாரமும் மணி பிடிக்கும் வாரங்களும் மிதமான வெப்பத்தில் விழுமானால் அதுவே உரிய பட்டம். நாட்காட்டியில் உள்ள ஒரு தேதியை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்ணின் வெப்பமும் ஈரமும் தயாரா என்று பார்ப்பது தேதியைவிட நம்பகமானது. போட்ட உரத்துக்கு முழுப் பலன் கிடைப்பது இந்தப் பட்டத்தில்தான். ஆகவே உரத்துக்குக் கையில் பணம் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த உரத்தையும் உரிய பட்டத்தில் விதைத்த வயலுக்கே முதலில் கொடுங்கள்.

### பின்பட்டம்

இங்கேதான் தவறான முடிவுகள் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

பின்தங்கிய பயிருக்கு மூன்று இடத்தில் அடி விழுகிறது. முதலில் தூர் கட்டும் நாட்கள் குறைகின்றன. ஒரு செடிக்கு வரும் கதிர்களின் எண்ணிக்கை அங்கேயே இறங்கிவிடுகிறது. அடுத்து, பூக்கும் வாரம் வெயிலுக்குள் நகர்கிறது. மூன்றாவதாக, மணி பால் பிடித்து முற்றும் நாட்கள் சுருங்குகின்றன; மணி சிறுத்து, சுருங்கி, எடையில்லாமல் வரும்.

வெப்பத்தின் அடி எவ்வளவு என்பதற்கு இரண்டு கணக்குகள். பல நாட்டுக் கோதுமை மாதிரிகளை ஒன்றுசேர்த்து 2015ல் வெளிவந்த ஆய்வு, உலக அளவில் ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004ல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்து இரவின் தாழ்ந்த வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. சூடான இரவில் பயிர் பகலில் சேர்த்ததை மூச்சு வாங்கியே செலவழித்துவிடுகிறது. எந்த மூட்டை உரமும் இரவைக் குளிர்விக்காது.

பின்பட்டம் தவிர்க்க முடியாததாகிவிட்டால் என்ன செய்வது? குறுகிய வயதுள்ள ரகத்துக்கு மாறுவது முதல் வழி. நீண்ட வயது ரகத்தின் விதை கையில் இருக்கிறது என்பதற்காக அதையே போடுவது இரட்டை நட்டம். தூர் குறையும் என்பதால் விதை அளவைக் கூட்டி, வரிசை இடைவெளியைக் குறைக்க வேண்டும். சோயா போன்ற பயிர்கள் பிந்தி விதைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். நெருக்கமான வரிசைதான் அங்கே நிலத்தை மூடும்.

பின்பட்டமே நல்லது என்று நான் சொல்லும் சூழலும் உண்டு. முதல் மழைக்கு முளைக்கும் களையை உழுது அழித்துவிட்டு விதைத்தால் பருவம் முழுவதும் களைத் தொல்லை குறையும். முந்திய பட்டத்தில் பூச்சியின் உச்சப் பெருக்கம் விழுகிறதென்றால், பிந்துவது அதைத் தாண்டிப் போகும் வழி. அறுவடை நேரத்தில் மழை நிச்சயம் என்றால், அறுவடையை மழைக்குப் பின் தள்ளுவதே மேல்; கதிரிலேயே முளைத்த தானியத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

## உரம்: நான்கு வழிகள்

### எல்லாம் அடியுரமாக

ஒரே வேலை, ஒரே கூலி. மணிச்சத்துக்கு இதுவே சரியான வழியும்கூட. நகராத சத்து என்பதால் விதைக்கும்போதே வேர் போகும் வழியில் அது கிடக்க வேண்டும். பின்னால் மேலே தூவினால் அந்தப் பயிருக்குப் பெரும்பாலும் எட்டாது.

தழைச்சத்துக்கு இந்த வழி தவறு. முதல் சில வாரங்களில் பயிர் எடுக்கும் தழைச்சத்து மொத்தத் தேவையில் சிறு பங்குதான். தண்டு நீளத் தொடங்கியதிலிருந்து பூக்கும்வரை உள்ள நாட்களில்தான் அது வேகமாக எடுக்கும். அதுவரை மண்ணில் காத்திருக்கும் தழைச்சத்து மணல் நிலத்தில் கீழே இறங்கும், நீர் தேங்கிய நிலத்தில் வாயுவாகி மேலே போகும்.

இது புதிய பாடம் அல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843ல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பிராட்பாக் கோதுமை வயலில், பாத்திகளின் அடியில் வடிகால் குழாய் பதித்து, வெளிவரும் நீரை 19ஆம் நூற்றாண்டிலேயே பரிசோதித்தார்கள். இலையுதிர் காலத்தில் போட்ட அம்மோனியம் உரம், பயிர் எடுக்குமுன்னரே குளிர்கால மழையில் நைட்ரேட்டாகக் கழுவிப் போவது அந்த நீரில் தெரிந்தது. மண்ணில் போட்டால் மண்ணிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

அடியுரத்தில் இன்னொரு ஆபத்து: விதையும் உரமும் தொட்டுக்கொண்டிருந்தால் யூரியாவிலும் டிஏபியிலும் (டை அம்மோனியம் பாஸ்பேட்) இருந்து வரும் அம்மோனியா முளையைக் கருக்கிவிடும். உலர்ந்த மணல் நிலத்தில் இது இன்னும் கடுமை. விதைக்குப் பக்கவாட்டிலும் சற்றுக் கீழேயும், இரண்டு விரல் தள்ளி உரம் விழ வேண்டும். முளைப்பு சரியில்லை என்று விதையைக் குறை சொல்லுமுன், வரிசையைத் தோண்டி உரம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

### பிரித்து மேலுரமாக

தானியப் பயிர்களில் தழைச்சத்துக்கு என் தேர்வு இதுதான். கொஞ்சம் அடியில், கொஞ்சம் தூர் கட்டும்போது, மீதி கதிர் உருவாகத் தொடங்கும்போது. இதில் பெரிய நன்மை சத்து வீணாகாதது மட்டுமல்ல. இடையில் நின்று யோசிக்க வாய்ப்பு கிடைப்பது. மழை பொய்த்தால் இரண்டாவது தவணையைப் போடாமல் மிச்சப்படுத்தலாம். எல்லாவற்றையும் அடியில் போட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மறைசெலவு கூலியும் நேரமும். மேலுரம் போட வேண்டிய வாரத்தில் மழை விடாமல் பெய்தாலும் சிக்கல், பெய்யாவிட்டாலும் சிக்கல். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். இவ்வளவு செறிவான உரத்தை ஈரமான, சுண்ணாம்புத் தன்மை கொண்ட மண்ணின் மேலே தூவிவிட்டு வந்தால், மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும். சூடான நாட்களில் போட்டதில் ஒரு பெரும்பங்கே இப்படிப் போகலாம். தூவிய ஓரிரு நாளில் தண்ணீர் பாய்ச்சவோ மண்ணோடு கிளறிவிடவோ முடியாதென்றால், தூவுவதைத் தள்ளிப் போடுங்கள்.

### மெதுவாகக் கரையும் உரம்

பூச்சு பூசிய யூரியா, நொதியைத் தடுக்கும் மருந்து கலந்த யூரியா, சேற்றில் ஆழப் புதைக்கும் யூரியா உருண்டை எல்லாம் இந்த வகை. ஒரே தடவை போட்டுப் பல தடவையின் பலனைப் பெறுவதே நோக்கம். மணல் நிலத்துக்கும், மேலுரம் போட ஆள் கிடைக்காத இடத்துக்கும் இது கைகொடுக்கும். ஆனால் பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை மண்ணின் வெப்பத்தைப் பொறுத்துத்தான் சத்தை விடும். குளிரில் முந்தி விதைத்தால் பயிர் கேட்கும்போது தராது. சூட்டில் பிந்தி விதைத்தால் கேட்குமுன்பே கொட்டிவிடும். விலையும் கூடுதல். விதைப்பு நாள் உறுதியாகத் தெரிந்த வயலுக்கே இதை வாங்குங்கள்.

### தொழு உரம், மட்கு

மண்ணுக்கு இதற்கு இணை இல்லை என்பதை முழு மனதோடு சொல்கிறேன்: ஈரம் நிற்கும், வேர் மூச்சுவிடும், நுண்ணூட்டம் சேரும். ஆனால் இதைத் தழைச்சத்து மூட்டைக்குப் பதிலாகக் கணக்கிடும்போது கவனம் வேண்டும். சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 50 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 109 கிலோ போதும். அம்மோனியம் சல்பேட் என்றால் சுமார் 240 கிலோ. தொழு உரம் 10 டன். அதிலும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல வரும்.

நேரமும் முக்கியம். நன்றாக மட்காத வைக்கோலும் குப்பையும் கலந்த உரத்தை விதைப்புக்கு முந்தின நாள் போட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். நாற்று மஞ்சளாகும். சில வாரம் முன்பே போட்டு மண்ணில் கலக்க வேண்டும். ஆகவே பின்பட்டத்துக்கு அவசரமாகப் போடக்கூடிய உரம் இது அல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | விளைச்சல் | தரம் | மறைசெலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| முன்பட்டம் | உயர வாய்ப்பு | மணி முழுதாக நிரம்பும்; சாய்ந்தால் கெடும் | மறுவிதைப்பு, பறவை, சாய்தல் | பருவம் குறுகியது, கடைசி வெயில் கடுமை |
| உரிய பட்டம் | மிக உறுதி | சீரானது | குறைவு | முடிந்தபோதெல்லாம் |
| பின்பட்டம் | குறையும் | மணி சிறுத்து, புரதம் ஏறும் | கூடுதல் விதை, கடைசித் தண்ணீர் | அறுவடை மழை, பூச்சி உச்சம், களை |
| எல்லாம் அடியுரம் | தழைச்சத்தில் இழப்பு | முன்னால் தழைப்பு, பின்னால் பசி | கழுவிப் போகும் உரம் | மணிச்சத்துக்கு. மேலுரத்துக்கு ஈரம் கிடைக்காத மானாவாரிக்கு |
| பிரித்து மேலுரம் | நன்று | நேரத்தைக் கொண்டு தரத்தைத் திருப்பலாம் | கூலி, தவறும் நாட்கள் | தண்ணீர் கையில் உள்ள தானிய வயல் |
| மெதுவாகக் கரைவது | நன்று | சீரானது | விலை, வெப்பத்தைச் சார்ந்திருப்பது | மணல் நிலம், ஆள் பற்றாக்குறை |
| தொழு உரம் | மெல்ல உயரும் | மண் வழியாக | சுமக்கும் கூலி, களை விதை | முன்கூட்டித் திட்டமிட்ட வயல் |

மானாவாரி பற்றி ஒரு சொல். அட்டவணையில் அடியுரத்துக்கு அதில் இடம் கொடுத்தது வேண்டுமென்றேதான். மேலுரம் போடும் நாளில் ஈரம் இருக்குமா என்பதே தெரியாத நிலத்தில், பிரித்துப் போடும் முறை புத்தகத்தில் மட்டும்தான் நன்றாக இருக்கும். அங்கே மிதமான அளவை விதைப்போடு ஆழத்தில் வைத்துவிட்டு, நல்ல மழை வந்தால் மட்டும் ஒரு கைப்பிடி மேலுரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

## தரம் என்று எதைச் சொல்கிறோம்

ஒரே உரத்தை ஒரே நாளில் போட்டாலும், ஒரு பயிரில் அது தரம், இன்னொன்றில் குறை.

பூக்கும் சமயத்தில் கொடுக்கும் தழைச்சத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் கதிர்களின் எண்ணிக்கை முடிவாகிவிட்டதால் விளைச்சல் பெரிதாகக் கூடாது. அந்தச் சத்து மணியின் புரதமாகப் போகும். ரொட்டிக்குப் போகும் கோதுமையில் புரதம் 12 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அது லாபம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) தயாரிக்கும் பார்லியில் அதே செயல் நட்டம். அங்கே புரதம் ஏறினால் மாவு குறையும். 12 சதவீதத்தைத் தாண்டினால் மால்ட் ஆலை அதைப் பெரும்பாலும் தீவனக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். பார்லிக்குத் தழைச்சத்தை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும், விதைப்பையும் பிந்தவிடக் கூடாது.

பின்பட்டத்தில் புரதச் சதவீதம் தானாகவே ஏறும் என்பதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. புரதம் அதிகம் சேர்ந்ததால் வந்த ஏற்றம் அல்ல அது. மாவு நிரம்பாமல் போனதால் வந்தது. சுருங்கிய மணியில் உமியும் தவிடும்தான் மிஞ்சும்.

நெல்லில், மணி முற்றும்போது இரவுகள் சூடாக இருந்தால் அரிசியின் உள்ளே மாவுத் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல், சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டு விழும். அரைக்கும்போது அந்த இடத்தில்தான் உடைந்து நொய்யாகும். இதற்குப் பட்டத்தை மாற்றுவதே மருந்து. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் நெல்லில் குலைநோயும் சாய்தலும் சேர்ந்துகொள்ளும்.

கரும்பிலும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கிலும் கடைசியாகக் கொடுக்கும் தழைச்சத்து இனிப்பைக் குறைக்கிறது. முதிர வேண்டிய பயிர் மறுபடி இலைவிடத் தொடங்கி, சேர்த்த சர்க்கரையைத் தானே செலவழிக்கும். டன் கணக்கு உயரும், சாற்றின் தரம் இறங்கும். வெங்காயத்தில் பிந்திய தழைச்சத்தால் கழுத்து தடித்து, காயாமல், சேமிப்பில் அழுகும். எண்ணெய்வித்துகளில் தழைச்சத்து கூடக்கூடப் புரதம் ஏறி எண்ணெய்ச் சதவீதம் இறங்கும். அங்கே கந்தகத்தைக் கவனிப்பதே பலன் தரும். நிலக்கடலையின் காய் தனக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்காமல், மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்ளும். விழுது (பூவிலிருந்து கீழிறங்கும் காய்க்காம்பு) மண்ணில் இறங்கும் நேரத்தில் அந்தச் சத்தைத் தரும் ஜிப்சம் அங்கே இல்லாவிட்டால், எவ்வளவு டிஏபி போட்டிருந்தாலும் பொக்குக் காய்தான்.

உருளைக்கிழங்கில் சாம்பல்சத்தை எந்த உப்பாகக் கொடுக்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பொட்டாசியம் குளோரைடு மலிவு, 60 சதவீதச் சத்து. ஆனால் அதிலுள்ள குளோரைடு கிழங்கின் உலர் எடையைக் குறைக்கும். வறுவலுக்குப் போகும் கிழங்குக்குப் பொட்டாசியம் சல்பேட் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். மற்றப்படி குளோரைடே போதும்.

கீரைகளில் தழைச்சத்தும் பட்டமும் நேராக மோதுகின்றன. வெளிச்சம் குறைந்த நாட்களில் வளரும் கீரை, எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக்க முடியாமல் இலையிலேயே தேக்கி வைக்கும். மங்கலான பருவத்துக் கீரைக்கு உரத்தைக் குறையுங்கள். மாலையில் பறித்தால் நைட்ரேட் காலையைவிடக் குறைவாக இருக்கும்.

## பட்டத்தோடு உரத்தைப் பொருத்துவது

முந்தி விதைத்திருந்தால் அடியில் தழைச்சத்தைக் குறையுங்கள். பயிருக்கு ஏற்கெனவே தூர் மிகும். அதற்கு மேலும் ஊட்டினால் காட்டுவளர்ச்சிதான். பெரும்பகுதியைத் தண்டு நீளும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சாம்பல்சத்து குறையாமல் இருந்தால் தண்டு சாயாமல் நிற்கும். மண் குளிர்ந்திருந்தால் மணிச்சத்தை விதை வரிசைக்கு அருகிலேயே வையுங்கள்.

உரிய பட்டத்தில் மண் பரிசோதனை சொன்ன அளவை, பிரித்து, அப்படியே.

பிந்தி விதைத்திருந்தால் முதல் கேள்விக்கு இப்போது கணக்கோடு விடை சொல்லலாம். 12 சதவீதப் புரதமுள்ள ஒரு டன் கோதுமையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஹெக்டேருக்கு 4 டன் எதிர்பார்த்தால் மணியில் மட்டும் 84 கிலோ போகும். பிந்தியதால் 3 டன்தான் சாத்தியம் என்றால் 63 கிலோ. பயிரின் தேவையே 21 கிலோ குறைந்துவிட்டது. இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் கூடுதல் சத்து மணிக்குப் போகாது. இலைக்கும், நோய்க்கும், நிலத்தடி நீருக்கும்தான் போகும். பச்சை மாறாமல் நின்று அறுவடையையும் இன்னும் பிந்தவைக்கும்.

ஆகவே பின்பட்டத்தில் மொத்தத் தழைச்சத்தைக் குறைத்து, தவணைகளை முன்னே இழுங்கள். தூர் கட்டும் நாட்கள் குறைவு என்பதால் முதல் மேலுரம் ஒரு வாரம் முந்தியே போக வேண்டும். கடைசித் தவணையை விட்டுவிடலாம். மணிச்சத்தைக் குறைக்க வேண்டாம், வேரை விரைவாக இறக்க அது உதவும். பணம் மிஞ்சினால், அதைக் கூடுதல் விதைக்கும், மணி பிடிக்கும் நாளில் கொடுக்கும் ஒரு தண்ணீருக்கும் செலவழியுங்கள். வெயிலில் பயிரைக் குளிர்விப்பது தண்ணீர்தான்.

பயறு வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேர் முடிச்சு தானே தழைச்சத்தைச் சேர்க்கும். தாராளமாக யூரியா போட்டால் முடிச்சு கட்டுவதே நின்றுவிடும். பிந்தினாலும் முந்தினாலும் ரைசோபிய (வேர் முடிச்சு பாக்டீரியா) விதை நேர்த்தியும் மணிச்சத்தும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

இவ்வளவுக்குப் பிறகும் "என் வயலுக்கு மேலுரம் வேண்டுமா வேண்டாமா" என்ற சந்தேகம் தீரவில்லையென்றால், அடுத்த விதைப்பில் ஒன்று செய்யுங்கள். வயலின் நடுவே, ஓரத்தை விட்டுத் தள்ளி, நாலைந்து மீட்டர் அகலத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் தழைச்சத்தை ஆரம்பத்திலேயே தாராளமாகக் கொடுத்து, நாலு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். தண்டு நீளத் தொடங்கும் நேரத்தில், மேலுரம் போடப் போகும் நாள் காலையில் போய்ப் பாருங்கள். அந்தப் பட்டை சுற்றியுள்ள பயிரைவிடக் கரும்பச்சையாகத் தனியே தெரிந்தால் வயல் பசியோடு இருக்கிறது, மேலுரம் போடுங்கள். பட்டை எங்கே இருக்கிறதென்று குச்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், மூட்டையைப் பிரிக்காமல் திரும்பி வாருங்கள்.